பஜார் ரோட்டில் நாற்பத்தொன்றாம் எண்

மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்களைப் பற்றி எங்கள் வாசகசாலை ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. முப்பத்தாறு பக்கம், மஞ்சள் அட்டை. அதில் பஜார் ரோட்டின் நாற்பத்தொன்றாம் எண் கட்டடத்துக்கு நேரே ‘பூட்டிக்கிடக்கிறது’ என்று எழுதியவள் நான். அந்த ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் சமையலறை போயிற்று. நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரிய விஷயங்கள் எதுவும் இருக்காது. எத்தனை மணிக்கு வீட்டை விட்டேன், மழை எப்போது பிடித்தது, எந்தக் கடை திறந்திருந்தது, எது திறக்கவில்லை. “நீ எழுதாம இந்த ஊர்ல மழை பெய்யவே பயப்படும்” என்று என் கணவர் சொல்வார். கேலிதான். ஆனாலும் போன வருஷம் வீட்டு ஓடு எப்போது மாற்றினோம் என்று சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வந்து நிற்பார்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிறது. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். நாட்குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். அலுவலகத்தில் கையெழுத்தைத் தவிர வேறெதற்கும் தமிழ் வேண்டியதில்லை. வீடு கூவப்பாடத்தில். வேலை பஜார் ரோட்டில் கல்வத்திப் பக்கம், ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில். காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாம். நான் பாலஸ் ரோடு வழியாகப் படகு ஜெட்டிக்கு நடந்து, அங்கிருந்து பஜார் ரோடு முழுவதையும் தெற்கிலிருந்து வடக்காக நடந்துதான் போவேன். முப்பத்தொரு நிமிஷம். மழையில் முப்பத்தெட்டு.

அந்த நடையில் எனக்கு முதலில் வருவது அரண்மனை. வெள்ளையடித்த சுவரும் ஓட்டுக் கூரையுமாக, பள்ளிக்கூடம் போலத்தான் இருக்கும். அதன் வாசலிலேயே நின்றுகொண்டு “அரண்மனை எங்கே?” என்று கேட்ட சுற்றுலாக்காரர்கள் இதுவரை எத்தனை பேர் என்றுகூட ஒரு காலத்தில் எழுதிவந்தேன். அடுத்து, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் சந்தின் கோடியில் கடிகாரக் கோபுரம் தெரியும். அதைத் தாண்டினால் கடைகள் மாறும். பழம்பொருள் கடைகளும் குளிர்பதனம் செய்த சாயாக் கடைகளும் முடிந்து, அரிசி மூட்டை, வெங்காயச் சருகு, சுக்கு வாசனை எல்லாம் தொடங்கும். வலது கைப்பக்கம் கிடங்குகள். ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும். தெருவைப் பார்த்து உயரமான இரட்டைக் கதவு, மேலே மரச் சட்டம் போட்ட ஜன்னல், அதற்கும் மேலே பாசி பிடித்த ஓடு. கிடங்குகளுக்குப் பின்னால் காயல், கடலோடு சேரும் உப்பங்கழி. அதற்கு அப்பால் வெலிங்டன் தீவின் பளுதூக்கிகள்.

அந்தத் தெருவின் ஆடுகளையும் சொல்ல வேண்டும். யாருடைய ஆடுகள் என்று யாருக்கும் தெரியாது. காலையில் சாக்குப்பையை மென்றுகொண்டு தெரு நடுவில் நிற்கும். பத்து மணிக்குமேல் ஏதாவது வாசற்படியில் படுத்துவிடும். கதவு திறக்கும் படியில் படுக்காது. ஆடு படுத்திருந்தால் அந்தக் கதவு இன்று திறக்காது என்று அர்த்தம். என் நாட்குறிப்பில் இதற்குத் தனி அடையாளமே உண்டு.

வாசகசாலைச் செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லாரும் மாஷ் என்று கூப்பிடுவோம். பஜார் ரோட்டுக் கட்டடங்களைப் பற்றி ஒரு புத்தகம் போடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது அவர் நேராக என் பக்கம் திரும்பினார்.

“மோளே, உன் டயறியில இருக்கறது மதி, அது போதும். நமக்கு வேற ஒரு ஆராய்ச்சியும் வேண்டா.”

“அதுல வாசல் திறந்ததா இல்லையான்னுதான் இருக்கும், மாஷே.”

“அதுதான் வேணும். நூறு வருஷம் முன்னாடி யாரு கட்டினான்னு சொல்ல ஆயிரம் பேரு உண்டு. இன்னிக்கு உள்ள யாரு இருக்கான்னு சொல்ல ஒருத்தனும் இல்ல.”

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நான் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். அறுபத்து மூன்று கட்டடங்களுக்கும் எண் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம்: தெருக்கதவு, பெயர்ப்பலகை, கூரை. தொடர்ந்து ஏழு வேலை நாள், போகும்போதும் வரும்போதும் கதவு பூட்டியிருந்தால் ‘பூட்டிக்கிடக்கிறது’ என்று எழுதுவது. ஆறு நாள் பூட்டியிருந்து ஏழாம் நாள் திறந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். இரண்டு மாதம் ஆயிற்று. மாஷ் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

நாற்பத்தொன்றாம் எண்ணில் எண்ணிக்கையை மறுபடி தொடங்க வேண்டிய தேவையே வரவில்லை. வெளுத்த பச்சைக் கதவு. உள்ளங்கை அகலப் பூட்டு, துருவேறியது. நிலைக்கு மேலே சுவர் வெடிப்பில் ஒரு ஆலங்கன்று. பலகையில் எழுத்து எதுவும் மிச்சமில்லை. படியில் ஏழு நாளும் ஆடு.

அந்தக் கட்டடத்துக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு வழி காயல்வரை போகிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். தரை எப்போதும் ஈரம். வழி முகப்பில் நீலச் சட்டை போட்ட சுமைத் தொழிலாளிகள் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். அந்தத் தெருவில் இப்படிப் பதினான்கு இடுக்கு வழிகள் உண்டு. அலுவலகங்களில் வேலை செய்யும் பெண்களாகிய நாங்கள் அவற்றுக்குள் போவதில்லை. யாரும் போகக் கூடாது என்று சொன்னதில்லை. போவதில்லை, அவ்வளவுதான். என் கணக்கெடுப்புக்காகவும் நான் போகவில்லை. என் முறையில் அது தேவைப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வருஷமாக எங்கள் அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு ஒரு மெஸ்ஸிலிருந்து வந்தது. நடத்தியவள் கம்பம் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு கொச்சிக்கு வந்தவள். அவர் இறந்த பிறகு இங்கேயே தங்கி, சுமைத் தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மகள் ஊரில் நர்சிங் படிக்கிறாள். இதெல்லாம் அவள் போனில் சொல்லித் தெரியும். முகத்தைப் பார்த்ததில்லை. சாப்பாட்டை வயதான ஒரு சுமைத் தொழிலாளி பிளாஸ்டிக் கூடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். தினமும் காலை பத்து மணிக்கு எண்ணிக்கை சொல்வது என் பொறுப்பு.

“எத்தனைக்கா?”

“மூணு ஊணு. ஒண்ணு மீன் வேண்டாம்.”

“அட, மீனில்லாத அக்காவா! கொச்சியில பொறந்துட்டு மீனு வேணாம்ங்கிறீங்களே, அந்தக் காயலு கோவிச்சுக்காதா?”

“கோவிச்சா கோவிக்கட்டும். நேத்து அவியல்ல உப்பு போட மறந்துட்டியா?”

“உங்க ஆபீசுல அத்தனை பேருக்கும் பிரஷருன்னு நீங்கதான போன வாரம் சொன்னீங்க? போட்டாலும் குத்தம், போடலைன்னாலும் குத்தம்.”

“சரி, பப்படம் ஒண்ணு கூட வை.”

“ஊணு, பப்படம்… உங்க தமிழைக் கேட்டா எங்கூருல மலையாளத்தாளுன்னே நெனைப்பாங்க.”

இப்படி எட்டு வருஷம். என்ன சாப்பிட்டேன் என்று நாட்குறிப்பில் இருக்கிறது. அது எங்கே வெந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

புத்தகம் வெளிவந்து நான்கு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நான் எண்ணிக்கை சொல்லும் முன்பே அவள் பேசினாள்.

“அக்கா, இன்னைக்கு ஊணு பேச்சு அப்புறம். எனக்கு ஒரு ஒதவி பண்ணணும். நான் சமைக்கிற எடத்தை வித்துட்டாங்க. வாங்குனவங்க வந்து, ‘இது காலியாக் கெடந்த குடோனு, நீ எப்ப உள்ள பூந்த’ன்னு கேக்குறாங்க.”

“யாரு உன்னை அங்க வச்சது?”

“பழைய மொதலாளி. வாய் வார்த்தைதான். ‘பின்னாடி தாழ்வாரத்துல சமைச்சுக்கோ, முன்கதவைத் தொறக்காத’ன்னார். அவரு செத்துட்டாரு. பசங்க வெளிநாட்டுல இருந்தே வித்துட்டாங்க. வாங்குனவரு நல்லவருதான்னு சொல்றாங்க. வாங்குறப்ப நான் இருந்தது நெசம்னா வேற எடம் பாத்துக் குடுக்குறாராம். ஆனா ஏதோ ஒரு புஸ்தகத்துல பூட்டிக்கெடக்குன்னு போட்டிருக்காம். மஞ்ச அட்டையாம். யாரோ கண்ணு தெரியாதவன் எழுதியிருக்கான். நீங்க படிச்சவங்க, அது யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கக்கா. நான் போயி அவன்கிட்ட நாலு வார்த்தை கேக்கணும்.”

“எந்தக் கட்டடம்?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“பச்சைக் கதவு. ஆலங்கன்னு மொளைச்சிருக்குமே.”

“விசாரிக்கிறேன்” என்றேன். பிறகு மூன்று ஊண் என்றேன்.

அன்றைய நாட்குறிப்பில் இருப்பது: ‘10.00. மெஸ் போன். 41 பற்றி. சாம்பார், பீன்ஸ், மோர்.’ அதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

புதன்கிழமை நான் அந்த இடுக்கு வழியின் முகப்புவரை போனேன். இரண்டு பேர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துவிட்டுத் திரும்பினேன். வியாழக்கிழமை உள்ளே போனேன். ஐம்பத்திரண்டு அடி வைத்தால் காயல். சுவர் முடிகிற இடத்தில் நின்று எட்டிப் பார்த்தேன்.

கிடங்கின் பின்முகம் முழுக்கத் திறந்திருந்தது. தெருவில் ஒரு கதவு; அங்கே மூன்று. தாழ்வாரத் தூண்கள் புகையில் கறுத்திருந்தன. இரண்டு பெரிய அடுப்பு. கொடியில் வெளுத்த நீலச் சட்டைகள். சுவரில் முளையடித்து வரிசையாகத் தட்டுகள். கல் படிக்கட்டு நேராகத் தண்ணீரில் இறங்கியது. முன்பு வள்ளத்தில் சரக்கு வந்து இறங்கிய படி. இந்தக் கிடங்குகளுக்கு முன்வாசல் எது என்று கட்டியவனைக் கேட்டிருந்தால் தண்ணீர்ப் பக்கத்தைத்தான் காட்டியிருப்பான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி, சோற்றுப் பானையைச் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான முதுகு. போனில் கேட்ட குரலுக்கு நான் மனதில் கொடுத்திருந்த உடம்பு வேறு.

பத்தடி தூரம். நான் கூப்பிட்டிருக்கலாம். நின்றேன், திரும்பி நடந்தேன். காலை பத்து மணிக்கு வழக்கம்போல் போன் செய்திருந்தேன். அவள் “விசாரிச்சீங்களாக்கா?” என்று கேட்டிருந்தாள். “பார்த்துண்டிருக்கேன்” என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எர்ணாகுளத்துக்குப் போகும் படகில் ஏறினேன். அந்தப் படகில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் படகில் உட்கார்ந்ததும் நாட்குறிப்பைப் பிரித்து எழுதுவது என் வழக்கம்; தலை நிமிர்ந்ததில்லை. அன்று பையைத் திறக்காமல் பஜார் ரோட்டின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். நான் பூட்டிக்கிடப்பதாக எழுதிய கட்டடங்கள் பதினெட்டு. தண்ணீர்ப் பக்கத்தில் ஐந்து திறந்திருந்தன. ஒன்றில் வலை உலர்ந்தது. ஒன்றில் யாரோ கட்டில் கால் இழைத்துக்கொண்டிருந்தார். ஒன்றின் ஜன்னலில் ஒரு கிழவர் சவரம் செய்துகொண்டிருந்தார், கண்ணாடியைக் கம்பியில் மாட்டிவைத்து.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு வாசகசாலை மாடியில் பேச்சுவார்த்தை என்று மாஷ் சொன்னார். புதிய உரிமையாளரின் மேனேஜர் வருவார். சுமைத் தொழிலாளிகள் சங்கத்தின் கன்வீனர் அந்தப் பெண்ணைக் கூட்டிவருவார். எழுதியவளும் இருந்தால் நல்லது என்று மேனேஜரே கேட்டிருக்கிறார்.

“பயப்படண்டா மோளே. பின்பக்கம் ஆள் உண்டாயிருந்துன்னு நீ ஒரு வாக்கு சொன்னா மதி. அப்படி எழுதி ஒரு கடுதாசி கொடுப்போம். அவரும் அதைத்தான் கேக்கறாரு.”

விஷயம் அவ்வளவு எளிதாக இருந்தது. இதை எழுதும்போதும் அதுதான் என்னை உறுத்துகிறது.

மேசையின் ஒரு பக்கம் மாஷும் மேனேஜரும். எதிரே கன்வீனரும் அவளும். நான் கடைசியாக வந்து மேசைக் கோடியில் உட்கார்ந்தேன். அவளுக்கு என்னைத் தெரியாது. தலையை லேசாக ஆட்டினாள். முப்பத்தெட்டு நாற்பது வயது இருக்கும். மஞ்சள் புடவையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பேச்சு மலையாளத்தில்தான் நடந்தது. அதைத் தமிழில் எழுதுகிறேன்.

மேனேஜர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். “எங்க முதலாளிக்கு யாரையும் தெருவுல விடணும்னு இல்ல. வாங்கினப்போ இவங்க இருந்தாங்கன்னா இன்னொரு கட்டடத்துல பின்பக்கம் ஒதுக்கித் தருவார். ஆனா விற்பனை தெரிஞ்சு உள்ள வந்து உட்கார்ந்துகிட்டவங்களும் உண்டு. அதனால ரெண்டு பக்கமும் சேராத ஒருத்தர் வாக்கு வேணும்.”

“நாங்க அம்பது பேரு தின்னுருக்கோம்” என்றார் கன்வீனர். “வயித்தைக் கீறிக் காட்டட்டா?”

“சேட்டா, நீங்க அவங்க பக்கம். அதான் மேடத்தைக் கேக்கறேன்.” மேனேஜர் என்னிடம் திரும்பினார். “மேடம், நீங்க ரெண்டு மாசம் பார்த்து எழுதினது. ரொம்ப துல்லியமா எழுதியிருக்கீங்க. அப்போ அந்தக் கட்டடத்துல ஆள் இருந்ததா?”

“தெருக்கதவு ஏழு வேலை நாள் பூட்டியிருந்தது. அதைத்தான் எழுதினேன்” என்றேன்.

“பின்பக்கம்?”

“அப்போ நான் பின்பக்கம் பார்க்கலை.”

“அப்போ அங்க இவங்க இருந்தாங்கன்னு சொல்ல முடியுமா?”

அந்த இடத்தில் எனக்குள் ஓடியது இதுதான். கணக்கெடுத்த நாட்களில் நான் பார்க்கவில்லை. பார்த்தது போன வாரம். எட்டு வருஷமாகச் சாப்பாடு வந்தது உண்மை. ஆனால் அது அந்தத் தாழ்வாரத்திலிருந்துதான் வந்தது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வது? இதையெல்லாம் அப்படியே வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடப் போதும். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. நான் எழுதியது தவறு என்று மாஷ் முன்னால், அந்த மஞ்சள் புத்தகத்தின் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நான் பார்க்காததைச் சொல்ல முடியாது” என்றேன்.

மேனேஜர் எழுதிக்கொண்டார். மாஷ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

அப்போது அவள் நாற்காலியை நகர்த்தி என் முகத்தை நேராகப் பார்த்தாள். நான் பேசியது மலையாளம். ஆனால் குரல் அதே குரல்தானே.

“மீனில்லாத அக்காவா?” என்றாள், தமிழில்.

“ஆமா” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வந்தது. இவள்தான் எட்டு வருஷமாக எங்கள் அலுவலகத்துக்குச் சாப்பாடு அனுப்புகிறவள், தினமும் காலையில் இவளோடு பேசுகிறேன், இவள் அங்கே இருந்தது நிச்சயம், புத்தகத்தில் எழுதியது தப்பு, வேண்டுமானால் என் நாட்குறிப்பைக் கொண்டுவருகிறேன் என்று கடகடவென்று சொன்னேன். மேனேஜர் பேனாவை மூடினார். கோபமே இல்லாமல் பேசினார்.

“மேடம், ஒரு நிமிஷம் முன்னாடி சொல்ல முடியாதுன்னீங்க. இவங்க உங்களை அடையாளம் கண்டதும் நிச்சயம்ங்கறீங்க. நான் முதலாளிகிட்ட எதைச் சொல்லட்டும்? நீங்களும் இவங்களுக்கு வேண்டியவங்கன்னு ஆயிடுச்சே.”

“ரெண்டையும் சொல்லுடா!” என்று கன்வீனர் எழுந்தார். மாஷ் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் எல்லாரும் பேசினார்கள். முடிவில் கிடைத்தது ஒரு மாத அவகாசம். வேறு இடம் இல்லை.

படியிறங்கும்போது அவள் எனக்காகக் கீழே நின்றாள்.

“அப்ப அந்தக் கண்ணு தெரியாதவன் நீங்கதானாக்கா?”

“ஆமா.”

“விசாரிக்கிறேன்னீங்களே.” சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. “எழுதறதுக்கு முன்னாடி போன்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? தெனமும் பத்து மணிக்குப் பேசுனோமே. ‘நீ எங்க இருந்து சமைக்கிற’ன்னு எட்டு வருசத்துல ஒரு நாளு கேட்டிருந்தா, பச்சைக் கதவுக்குப் பின்னாடின்னு சொல்லியிருக்கப் போறேன்.”

கன்வீனர் “வா பெங்ஙளே, போகாம்” என்று தங்கையை அழைப்பதுபோல் அவளைக் கூப்பிட்டார். போனாள்.

அந்த ஒரு மாதமும் அவள் எங்கள் அலுவலகத்துக்குச் சாப்பாடு அனுப்புவதை நிறுத்தவில்லை. பத்து மணிக்குப் போன் செய்தால் “எத்தனை?” என்று கேட்பாள். “மூணு” என்பேன். “சரி” என்று வைத்துவிடுவாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இடம் தேடினேன். சுள்ளிக்கல்லில் ஒன்று, தோப்பும்படியில் இரண்டு, அரண்மனைக்குப் பின்னால் ஒன்று. புகை போக வழி உள்ள இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் உள்ள இடத்தில் சமைக்க விடமாட்டார்கள். தெருவில் நடந்தால் எனக்கு எண் எண்ணாகத் தெரிகிற அறுபத்து மூன்று கட்டடங்களில் ஒருத்தி இரண்டு அடுப்பு வைக்க ஒரு மூலை கிடைக்கவில்லை. விவரங்களை ஒரு தாளில் எழுதி, கூடை கொண்டுவரும் பெரியவரிடம் இரண்டு தடவை கொடுத்தனுப்பினேன். அவர் “கொடுத்தேன்” என்றார். அவள் பதில் எதுவும் சொல்லியனுப்பவில்லை.

கடைசி நாள் பச்சைக் கதவின் பூட்டை அறுத்துத் திறந்தார்கள். உள்ளே வேலை தொடங்க வேண்டுமாம். தொழிலாளிகள் அவளுடைய அண்டாக்களையும் அடுப்புகளையும் அந்த வழியாகவே கொண்டுவந்து ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். நான் அலுவலகத்துக்குப் போகிற வழியில் எதிர்ப்பக்கம் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வண்டி கல்வத்திப் பக்கம் போயிற்று. இப்போது நாற்பத்தொன்றில் காபி விற்கிறார்கள். தண்ணீர்ப் படிக்கட்டில் மேசை போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

பிறகு நான் திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்தேன். வாசகசாலையில் விற்காமல் இருந்த எல்லாப் புத்தகங்களிலும் என் கையாலேயே ஒட்டினேன். பூட்டிக்கிடப்பதாக எழுதிய பதினெட்டுக்கும் இடுக்கு வழிகளில் இறங்கிப் பார்த்து, பின்பக்கத்தையும் எழுதினேன். நீலச் சட்டைக்காரர்கள் வழிவிட்டு எழுந்து நின்றார்கள். நாற்பத்தொன்றுக்கு நேரே, நான் எழுதியது தவறு, தண்ணீர்ப் பக்கத்தில் எட்டு வருஷத்துக்குமேல் ஒருவர் சமையல் நடத்தினார் என்று இரண்டு வரி. மாஷ் படித்துப் பார்த்துவிட்டு, “இது அன்னைக்கே வந்திருந்தா…” என்றார்.

அவள் எர்ணாகுளத்தில் பிராட்வேக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக கன்வீனர்தான் சொன்னார். திருத்தச் சீட்டு ஒட்டிய புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். முன்னால் கூட்டம். பின்பக்கம் எங்கே என்று கேட்டு, குப்பைத்தொட்டிகளைத் தாண்டி, சமையலறைக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தேன். சொல்லியனுப்பியதும் அவள் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

“என்னக்கா, இங்கயெல்லாம்?”

“உன்னைப் பார்க்கத்தான்.” மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கடைசி வருஷம் என்றாள். வேலை எப்படி என்று கேட்டேன்.

“வெங்காயம் நறுக்குறது. பெரிய சமையக்காரரு தொட விடமாட்டாரு. நாம வச்ச கொழம்பு ருசியா இருந்தா அவருக்கு ஆகாது.”

நான் புத்தகத்தைப் பிரித்து அந்தச் சீட்டைக் காட்டினேன். அவளுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நான் படித்துத் தமிழில் சொன்னேன். முழுவதையும் நின்று கேட்டாள்.

“தப்பு என்னோடதுதான்” என்றேன்.

“சரிக்கா. யாரு இல்லைன்னா? ஆனா இதை இங்க வந்து எனக்கா படிச்சுக் காட்டணும்? நான் அங்க இருந்தது எனக்குத் தெரியாதா?” அவள் குரல் உயரவில்லை. “அன்னைக்கு மாடியில, அந்தப் பையன் கேட்டப்ப, ‘இருந்தா’ன்னு ஒரு சொல்லு. அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு.”

“இந்தப் புத்தகத்தை நீ வச்சுக்கறியா?”

“நான் வச்சு என்ன பண்ண? கை ஈரம், நனைஞ்சு போகும். நீங்களே வச்சுக்கங்க.” உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “ரெண்டு மூட்டை கெடக்கு. வர்றேன்க்கா. வெயில்ல நிக்காம போங்க.”

கதவு பாதி திறந்திருந்தது. அவள் மணையில் உட்கார்ந்து கத்தியை எடுப்பது தெரிந்தது. நான் அங்கேயே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. பாத்திரம் கழுவப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையை நீட்டி, யாரைப் பார்க்க வந்தேன் என்று விசாரிப்பவராக, “சேச்சி, ஆரெயா காணேண்டது?” என்று கேட்டார்.

“பார்த்தாச்சு, சேட்டா” என்று சொல்லிவிட்டு ஜெட்டிக்கு நடந்தேன்.